தேசம்மா பந்தை உருட்டினாள்

சென்ற மாதம் எங்கள் பகுதிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியைகளுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. என்னையும் பேச அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவளுக்கு ஒரு சால்வை போர்த்தி, நாலு வார்த்தை பேசவைத்து, சாப்பாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே ஆவடியில் வேலை பார்க்கும் ஓர் இளம் ஆசிரியை தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். அவளுடைய மாணவி ஒருத்தி சாஃப்ட்பால் எறிவதைப் படம் பிடித்து, அதை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள்.

"முழங்கை எங்க இறங்குதுன்னு பாருங்க டீச்சர். எல்லாமே தெரியுது. அவளுக்கும் காட்டிட்டேன். ஆனா மறுபடி எறியச் சொன்னா அதே தப்புதான் வருது. இதெல்லாம் இல்லாம நீங்க எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

நான் ஏதோ பதில் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அது பதிலே இல்லை என்று தோன்றியது. அவள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் தேசம்மாவின் கதைதான். அதைச் சொல்ல அங்கே நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் உடற்கல்விப் பயிற்சி முடித்தது எண்பதுகளின் தொடக்கத்தில். கோகோ, கபடி, வளைபந்து, ஓட்டம், அணிவகுப்பு எல்லாம் படித்தோம். சாஃப்ட்பாலுக்கு ஒரு கோடை முகாமும், மங்கலாக அச்சடித்த சில விதிமுறைத் தாள்களும்தான். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு தேர்வு எழுதித் தேறினேன். பந்தை நானே நாலு முறை எறிந்திருந்தால் அதிகம்.

வேலை கிடைத்தது ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் இருந்த ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில். மைதானத்தில் பாதி நெருஞ்சி முள், மழைக்காலத்தில் மீதிப் பாதி குட்டை. அங்கே எனக்கு மூத்த உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர் ஹில்டா டீச்சர். உயரமானவர். காட்டன் புடவையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் கான்வாஸ் ஷூவும் கையில் ஒரு கறுப்புக் குடையுமாக வருவார். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் அவர் அதை ஊதி நான் கேட்டதே இல்லை. ஒருமுறை கையைத் தட்டுவார். மைதானம் நின்றுவிடும்.

நான் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்தெறியச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பந்தெறிவது என்பது எல்லோருக்கும் வரும், கொஞ்சம் திருத்தினால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். வீட்டில் பையன்கள் சின்ன வயதிலேயே கல்லெறிந்து, மாங்காய் அடித்துப் பழகிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளில் பலர் எதையும் எறிந்ததே இல்லை. வலது கையால் எறியும்போது வலது காலையே முன்னால் வைப்பார்கள். மார்பு நேராக இருக்கும். பந்து கையைவிட்டுத் தள்ளப்பட்டு அருகிலேயே விழும். நான் ஒருத்தியிடம் போய், காலை மாற்று, தோளைத் திருப்பு, முழங்கையைத் தூக்கு, பந்தைப் பார்க்காதே, எதிரே பார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பிள்ளை கைகால் மரத்துப்போய் நின்றது.

அன்று சாயங்காலம் ஹில்டா டீச்சர் என்னிடம் சொன்னார்: "சகுந்தலா, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு சொல். மிச்சத்தை நாளைக்கு வெச்சுக்கோ. இல்லன்னா என்கிட்ட சொல்லிடு."

நான் அவரிடமே சொன்னேன். பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருடைய வழிமுறையை எழுதிவைக்க வேண்டும். முதல் வாரம் பந்து கிடையாது. சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டு, அதன்மேல் பக்கவாட்டில் நிற்கப் பழக்குவார். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் தெளித்து, அந்த ஈர மண்ணில் நின்று எறியச் சொல்வார். பிள்ளை எறியும்போது பந்தைப் பார்க்க மாட்டார், கையையும் பார்க்க மாட்டார். எறிந்து முடித்ததும் அவளை நகரச் சொல்லிவிட்டுக் குனிந்து காலடித் தடத்தைப் பார்ப்பார். பின்கால் தடத்தில் முன்பாதம் அழுந்தித் திருகியிருந்தால் இடுப்பு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். தடம் தட்டையாக இருந்தால் வெறும் கையால் எறிந்திருக்கிறாள். "பந்து பொய் சொல்லும். தரை சொல்லாது" என்பார்.

இடுப்பு முதலில், தோள் அப்புறம், கை கடைசி. இதை வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது. ஒரு நாள் ஒருத்தியிடம், "உங்க வீட்ல துணி யார் தோய்க்கறது?" என்று கேட்டார். "நான்தான் டீச்சர்." "கல்லுல எப்படி அடிப்பே, காட்டு." அவள் வெறுங்கையை ஓங்கி அடித்துக் காட்டினாள். இடுப்பு சுழன்றது, தோள் பின்னாலேயே வந்தது, கை சாட்டைபோல இறங்கியது. "அதேதான். இப்போ கையில பந்து." அவ்வளவுதான் பாடம்.

தரையோடு உருண்டு வரும் பந்தைப் பிடிப்பதற்கும் இப்படி ஒன்று. எங்கள் பிள்ளைகள் பலருடைய வீட்டில் அம்மாக்கள் வயல் வேலைக்குப் போனவர்கள். காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனியும் பழக்கம் பிள்ளைகளுக்கும் இருந்தது. பந்து கால் நடுவே ஓடிவிடும். "களை எடுக்கறாப்ல குனியாத. அடுப்பு ஊதறாப்ல உக்காரு" என்பார். முழங்கால் மடங்கும், பின்புறம் தாழும், க்ளவுஸ் தரையைத் தொடும். நான் தாளில் படித்திருந்த அத்தனை வரியும் அந்த ஒரு சொல்லில் அடங்கியது.

இந்த முறையில் வளர்ந்தவர்கள்தான் தேசம்மாவும் ரேணுகாவும்.

தேசம்மா பாரிவாக்கத்திலிருந்து வருவாள். அவளுடைய தாத்தா காலம்வரை பிறர் நிலத்தில் கூலி வேலை. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். தேசம்மா கட்டை உருவம், அகன்ற தோள், பேச்சு குறைவு. ரேணுகா திருவேற்காடு. நெடுநெடுவென்று இருப்பாள், வாய் ஓயாது. அவர்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, அப்பா பால் வியாபாரமும் பார்த்தார். இருவரும் எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். பந்தை அடித்தவள் பேஸ் எனப்படும் மூன்று இடங்களையும் வரிசையாகத் தொட்டு, அடித்த இடத்துக்கே ஓடிவந்தால் ஓர் ஓட்டம். மைதானத்தின் நடுவில் நின்று பந்து வீசுபவள் பிட்சர். அடிப்பவளுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடிபடாத பந்தைப் பிடிப்பவள் கேட்சர். பிடித்த பந்தை அவள் பிட்சருக்குத் திருப்பிப் போட, அடுத்த வீச்சு. பார்ப்பவர்கள் இந்தத் திருப்பிப் போடுவதைக் கவனிக்கவே மாட்டார்கள். ஆட்டத்தில் அதிகம் நடப்பது அதுதான்.

ரேணுகா பிட்சர், தேசம்மா கேட்சர். ரேணுகா கையைக் காற்றாடிபோல ஒரு சுற்றுச் சுற்றித் தாழ்விலிருந்து வீசினால் பந்து வருவது தெரியாது. அதைப் பிடிக்க எங்கள் பள்ளியில் தேசம்மாவால் மட்டுமே முடியும். எதிரணியில் யாராவது பந்து அடிபடாமலே இரண்டாம் பேஸைத் திருட ஓடினால், தேசம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து எறியும் பந்து நம் தலைக்குமேல் விர்ரென்று போகும். அவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது, இருவரும் மாநில அணிக்குப் போவார்கள் என்று சுற்றுவட்டாரப் பள்ளிகளிலேயே பேச்சு இருந்தது. அந்தச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். தேசம்மா விஷயத்தில் அது பெரிய காரியம். இடம் கிடைக்காவிட்டால் ஏற்றுமதித் துணிக் கம்பெனி என்று அவள் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் ஒரு சனிக்கிழமை காலைப் பயிற்சி. ரேணுகா வீசினாள், தேசம்மா பிடித்தாள், எழுந்து வழக்கம்போலத் திருப்பிப் போட்டாள். அதே நேரத்தில் பள்ளி வாசலிலிருந்து ரேணுகாவின் அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரேணுகா திரும்பினாள். பந்து அவள் இடது புருவத்தில் விழுந்தது. பேர்தான் சாஃப்ட்பால், அது மெத்தென்ற பந்தில்லை. முகமெல்லாம் ரத்தமாக அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பூந்தமல்லியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை நாங்கள் யாரும் உட்காரவில்லை. தேசம்மா வராந்தாவின் கோடியில் நின்றிருந்தாள். கேட்சரின் முகமூடியை இன்னும் நெற்றிக்குமேல் தூக்கிவிட்டபடியே இருந்தாள். கழற்ற வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. ரேணுகாவின் அம்மா அவளிடம் போய், "நீ இன்னா வேணும்னா போட்ட? நான் கூப்ட்டேன், அது திரும்பிச்சு. அழுவாத கண்ணு" என்றார். தேசம்மா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தையல் பிரித்து, காயம் ஆறி, ரேணுகா மைதானத்துக்குத் திரும்பினாள். புருவத்தின் குறுக்கே ஒரு வெளிறிய கோடு. "இப்ப பாக்க ரவுடி மாரி கீறேன் இல்ல?" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள். முதல் பந்தை வீசினாள். தேசம்மா பிடித்தாள். எழுந்தாள். கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

கை அங்கேயே நின்றது. பிறகு ஒரு வெட்டு வெட்டி, பந்து அவள் காலடியிலேயே குத்தியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த பந்து ரேணுகாவின் தலைக்குமேல் எங்கோ போய் வேலியில் விழுந்தது. மூன்றாவது பக்கவாட்டில். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். பிடியைப் பார்த்தேன். முழங்கையைப் பார்த்தேன். தண்ணீர் தெளித்துத் தடம் பார்த்தேன். தடத்தில் ஒரு குறையும் இல்லை. பின்கால் அழகாகத் திருகியிருந்தது. சுவரில் எறியச் சொன்னால் சொன்ன இடத்தில் அடித்தாள். இரண்டாம் பேஸுக்கு எறியச் சொன்னால் முன்னைவிட வேகமாக எறிந்தாள். ரேணுகா எதிரே நின்று, அவசரமில்லாமல், ஒரு குழந்தைகூடப் போடக்கூடிய பந்தைப் போடச் சொன்னால் கை நின்றது. கொஞ்ச நாளில் நான் எதிரே நின்றாலும் நின்றது.

"உன்னால முடியும் தேசம்மா, நேத்துகூட ரெண்டு நல்லாப் போட்டியே" என்றேன்.

"முடியும்னுதான் டீச்சர் கையத் தூக்கறேன்" என்றாள். "நடுவுல அது என் கையி மாரியே இல்ல."

தலைமை ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, வேறு கேட்சரைப் போடலாமே என்றார். நியாயமான யோசனைதான். போட்டுப் பார்த்தோம். ரேணுகாவின் வேகத்துக்கு அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு முகம் அடிபட வேண்டாம் என்று ஹில்டா டீச்சர் அன்றே அதை நிறுத்திவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தேசம்மாவின் அம்மா பள்ளிக்கு வந்தார். கட்டட வேலைக்குப் போகும் வழியில் வந்தவர், கையில் தூக்குச்சட்டியோடு மைதானத்து ஓரத்திலேயே நின்றுவிட்டார். நாங்கள் போய்ப் பேசினோம்.

"இன்னா டீச்சர் ஆச்சு எம் பொண்ணுக்கு? ஊட்ல அவங்கப்பனுக்கு சோத்துத் தட்டக்கூட கையில குடுக்க மாட்டன்றா. கீழ வெச்சுட்டு தள்ளிப் போயிடறா. தண்ணி கேட்டா சொம்ப தரையில வெக்கறா. இன்னாடின்னா ஒண்ணுமில்லன்றா. காத்து கருப்பு ஏதனா பட்டுகீதான்னு திருவேற்காட்ல எலுமிச்சம்பயம் சுத்திப் போட்டுகினு வந்தேன். ஒண்ணும் கேக்கல."

ஹில்டா டீச்சர் குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "எப்போலேர்ந்தும்மா?"

"அந்தப் பாப்பாவுக்கு அடிபட்டதுலேர்ந்துதான்."

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு ஹில்டா டீச்சர் திரும்பி வந்தார். பிறகு, "கையில நோவில்ல சகுந்தலா. யார்கிட்டயும் எதையும் குடுக்கப் பயப்படறா" என்றார். "ரெண்டாம் பேஸுக்கு எறியறப்போ எதிர்ல யார் முகம்னு பார்க்க நேரமில்ல. அதனால வருது."

"அப்போ என்ன செய்யறது டீச்சர்?"

"தெரியல. ஆனா இனிமே அவ கையை யாரும் திருத்தக்கூடாது. நீயும் கூடாது, நானும் கூடாது."

ஒரு நாளைக்கு ஒரு சொல் என்பதே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு சொல்லும் கூடாது என்றால்? மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அதற்குமேல் எதுவும் விளக்கவில்லை. மறுநாள் தேசம்மாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "எறிய வேணாம்மா. நடந்து போய்க் குடுத்துட்டு வா."

நடந்து போய்க் கொடுத்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும். வெயிலில் முகமூடியும் மார்புக் கவசமுமாக எழுந்து போவாள், ரேணுகாவின் க்ளவுஸுக்குள் பந்தை வைப்பாள், முகத்தைப் பார்க்காமல் திரும்பி வருவாள். பயிற்சி ஆமை வேகத்தில் நடந்தது. மற்றப் பிள்ளைகள் நின்று நின்று சலித்துப்போனார்கள். நான் ஹில்டா டீச்சரைப் பார்ப்பேன். அவர் குடைக்குக் கீழே அசையாமல் நிற்பார்.

கடைசியில் பொறுமை இழந்தது ரேணுகாதான். ஒரு மத்தியானம் தேசம்மா எழுந்து நடக்கத் தொடங்கியதும் அவள் கத்தினாள்.

"இந்தாடி, அங்கியே நில்லு. நீ நடந்து வந்துகினு போயிகினு இருக்கறதுக்குள்ள எனக்கு மண்ட காஞ்சு போவுது. உருட்டி வுடு."

"இன்னாது?"

"பந்த உருட்டுடி. தரையில உருண்டு வர்றது எப்டி மூஞ்சில படும்? கீழ இருந்து எகிறி வந்து கடிக்கவா போவுது?"

தேசம்மா நின்றாள். எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் குனிந்து, கையைத் தாழ்த்தி, பந்தைத் தரையோடு உருட்டிவிட்டாள். அது நெருஞ்சியிலும் மேட்டிலும் ஏறி இறங்கி, நேராகப் போய் ரேணுகாவின் காலருகே நின்றது. ரேணுகா எடுத்து, துடைத்து, அடுத்ததை வீசினாள். தேசம்மா பிடித்தாள். உருட்டினாள்.

பயிற்சி முடிந்ததும் ஹில்டா டீச்சர் ரேணுகாவைக் கூப்பிட்டார். "யார் சொன்னா இப்படிச் செய்யச் சொல்லி?"

"நான்தான் டீச்சர். தப்பா?"

"தப்பில்ல. நான் இத்தனை நாளா யோசிச்சிட்டிருந்தேன், எனக்கு வரல" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எடுக்க முடியாது, மற்றப் பள்ளிக்காரர்கள் கேலி செய்வார்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"காலொடிஞ்ச பிள்ளை கம்பு ஊணி நடந்தா, கம்பு பழகிடும்னு பிடுங்குவியா?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம்.

மாவட்டப் போட்டிக்கு முன்னால் இருந்த நாட்களில் அவர் இதையே ஒரு முறையாக்கினார். பேஸில் எதிரணி ஆள் யாரும் இல்லாதபோது உருட்டலாம். யாராவது இருந்தால் உருட்டக்கூடாது, பந்து மெதுவாகப் போவதைப் பார்த்து ஓடிவிடுவார்கள். அப்போது தேசம்மா மூன்றாம் பேஸைக் காக்கும் எங்கள் அணிப் பிள்ளைக்கு வேகமாக எறிய வேண்டும், அவள் ரேணுகாவுக்குக் கொடுப்பாள். வேகமாக எறிவது தேசம்மாவுக்கு எப்போதும் வந்தது. இதைப் பலமுறை பழகினார்கள். நான் எதிர்த்தவள்தான் கடைசியில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

போட்டியில் முதல் ஆட்டத்திலேயே சிரிப்பு கிளம்பியது. "கோலி ஆட வந்துகிறாங்கடி" என்று எதிரணிப் பிள்ளைகள் கத்தினார்கள். அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி எங்களிடம் வந்தார். "என்ன மேடம் இது? கேட்சர் பந்தை உருட்டுறா."

"பிட்சர்கிட்ட நேரா போய்ச் சேருதா?" என்றார் ஹில்டா டீச்சர்.

"சேருது."

"ஆட்டம் தாமதமாகுதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பெரிசா இல்ல."

"உருட்டக் கூடாதுன்னு விதியிருந்தா சொல்லுங்க. மாத்திடறேன்."

அவர் திரும்பிப் போய் ஆட்டத்தைத் தொடங்கினார். தேசம்மா அந்த ஆட்டத்தில் இரண்டாம் பேஸுக்கு ஓடியவர்களையெல்லாம் எறிந்தே வெளியேற்றினாள். சிரிப்பு தானாகக் குறைந்தது. இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம்.

இறுதி ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ். இரு பக்கமும் சம ஓட்டங்கள். எதிரணியினர் அடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பேஸில் அவர்கள் ஆள் ஒருத்தி நின்றாள். அவள் வீட்டுக்கு வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அடிப்பவள் நிற்கும் பேஸைத்தான் நாங்கள் வீடு என்போம்.

ரேணுகா வீசிய பந்து மண்ணில் குத்தி, தேசம்மாவின் க்ளவுஸைத் தாண்டிப் பின்னால் ஓடியது. மூன்றாம் பேஸில் நின்றவள் ஓடிவரத் தொடங்கினாள். இந்த மாதிரி நேரத்தில் கேட்சர் பந்தைத் துரத்திப் போவாள், பிட்சர் ஓடி வந்து வீட்டைக் காப்பாள். கேட்சர் எறிய, பிட்சர் பிடித்து ஓடிவருபவளைத் தொட வேண்டும். இதற்கு வேறு வழி கிடையாது. மூன்றாம் பேஸ் வழியாகச் சுற்றிவிட நேரம் இல்லை.

நாங்கள் பழகிய எதிலும் இது இல்லை. ஹில்டா டீச்சர் வேண்டுமென்றே இதைப் பழக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பழக்க வழியில்லை.

தேசம்மா வேலியருகே பந்தை எடுத்துத் திரும்பினாள். ரேணுகா வீட்டின்மேல் வந்து மண்டியிட்டு, க்ளவுஸை நீட்டி, முகத்தை அவளுக்கு நேராகக் காட்டிக்கொண்டு இருந்தாள். "போடுடி" என்று ஒரு குரல். தேசம்மாவின் கை பின்னால் போனது.

நின்றது. எனக்குத் தெரிந்தது. கண் இமைக்கும் நேரம்தான், ஆனால் நின்றது. பிறகு பந்து வந்தது. அழகான எறிதல் இல்லை. பக்கவாட்டில், இடுப்புயரத்தில், கொஞ்சம் தாழ்ந்து, நேராக. ரேணுகா பிடித்துத் திரும்பித் தொட்டாள். அதற்குள் ஓடிவந்தவளின் கால் வீட்டைத் தொட்டுவிட்டது. அம்பயர் இரண்டு கையையும் விரித்தார்.

தோற்றுவிட்டோம். எதிரணி மைதானத்துக்குள் ஓடிவந்தது. தேசம்மா வேலியருகிலேயே உட்கார்ந்து, முகமூடியைக் கழற்றாமல் அழுதாள். ரேணுகா ஓடிப்போய் அவளைப் பிடித்து உலுக்கினாள். நான் கிட்டே போனபோது ரேணுகாவும் அழுதுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"நீ போட்டடி. ஏய், எனக்கு நேரா போட்ட. தெரியுதா உனுக்கு?"

"லேட்டா போட்டேன்டி."

"போனா போவுது. போட்ட இல்ல?"

மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்த தேர்வாளர்களில் ஒருவர் பிறகு எங்களிடம் வந்தார். பிட்சரை எடுத்துக்கொள்கிறோம், அதில் சந்தேகமில்லை, கேட்சர் நன்றாக எறிகிறாள், ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஏதோ கோளாறு இருக்கிறதே என்றார். ஹில்டா டீச்சர் மறைக்கவில்லை. "இருக்குது சார். அதை வெச்சுக்கிட்டுத்தான் இறுதி ஆட்டம்வரை வந்தா" என்றார். அடிபட்ட கதையையும் அம்மா சொன்னதையும் எடுத்துச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். அது தேசம்மாவின் கதை, அவள் சொன்னால் சொல்லட்டும் என்பது அவர் எண்ணம். தேசம்மாவை மாற்று ஆட்டக்காரியாக எடுத்தார்கள். மாநிலப் போட்டியில் அவள் ஒரு ஆட்டத்தில் பாதிதான் களம் இறங்கினாள். சான்றிதழ் கிடைத்தது. கல்லூரியிலும் இடம் கிடைத்தது. "பந்து புடிக்கறதுக்கு காலேஜுல சீட்டு குடுக்கறாங்களா?" என்று அவள் அப்பா என்னிடம் மறுபடி மறுபடி கேட்டார். கோபமாக இல்லை, நம்ப முடியாமல்தான். பிற்பாடு தேசம்மாவுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டிலேயே அரசாங்க வேலையும் அமைந்தது. திருமழிசைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டாள். ரேணுகா கல்லூரியை நடுவில் விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு, இன்று தையல் கடை நடத்துகிறாள். வாய் இன்னும் ஓயவில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் கேட்பவர்கள் எல்லோரும் அந்த இறுதி ஆட்டத்தில்தான் தேசம்மா குணமானாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. மாவட்டப் போட்டி முடிந்து அடுத்த பயிற்சிக்கு வந்தபோது அவள் எறியப் பார்த்தாள். கை நின்றது. குனிந்து உருட்டினாள். எனக்கு மனது உடைந்துபோயிற்று. ஹில்டா டீச்சரைப் பார்த்தேன். "உருட்டட்டும்" என்றார்.

உருட்டினாள். வாரங்கள் போயின. சில நாள் பந்து உருளாமல் ஒரு குதி குதித்துப் போகும், சில நாள் இரண்டு குதி. யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது. நானும் பார்ப்பதை விட்டுவிட்டு, மற்றப் பிள்ளைகளின் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாநிலப் போட்டிக்குப் போகுமுன் ஒரு மாலை. நான் வேறொரு பிள்ளைக்குக் கால் வைக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ரேணுகாவும் தேசம்மாவும் வீசிப் பிடித்தபடியே ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். போட்டி நடக்கும் ஊருக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் யாருக்கு என்பதுதான் விஷயம். ரேணுகா ஒன்று சொல்வாள், வீசுவாள். தேசம்மா பிடித்து, அவளுக்கு ஒரு பதில் சொல்லி, பந்தைத் திருப்பிப் போடுவாள். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், பந்து போவதும் வருவதும் காற்றில் என்பது என் காதில் உறைத்தது. க்ளவுஸில் விழும் டப் என்ற சத்தம் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது.

அது அன்றைக்குத்தான் தொடங்கியதா, அதற்கு முன்பே எந்த நாளிலாவது நடந்து நாங்கள் கவனிக்காமல் விட்டோமா, எனக்குத் தெரியாது. பின்னாளில் தேசம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஹில்டா டீச்சர் பார்த்திருப்பார். அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி, குடையை விரித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் கூப்பிட வாயெடுத்ததும், திரும்பாமலே, பேசாதே என்று கையைக் காட்டினார்.